பையில்லா நாளும் செருப்பு வரிசையும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஜனவரி முதல் வாரத்தில், எண்ணூர் முகத்துவாரக் கரையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது சொச்சம் பேரையும், அவர்களோடு என் மகளையும், என் பால்ய நண்பன் காதரையும் ஆறு விழுங்கிவிட்டது என்று நம்பினேன். விழுங்கிய பிறகு மரியாதையாகச் செருப்புகளை மட்டும் கரையில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றும் நம்பினேன். ஒரு டீ ஆறுகிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் நம்பிக்கையில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இப்படி நம்பியவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஹல் என்றொரு துறைமுக ஊர். அங்கே நான் பாதுகாப்பு அதிகாரி. பளு தூக்கும் கிரேன்களுக்கும் சரக்குப் பெட்டகங்களுக்கும் நடுவே நடமாடுகிறவர்கள் கை கால் குறையாமல் வீடு போய்ச் சேருகிறார்களா என்று பார்ப்பது என் பிழைப்பு. 'பதறாதீர்கள், நில்லுங்கள், தலைகளை எண்ணுங்கள்' என்று திரையில் படம் போட்டு வகுப்பெடுக்கிறவன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்து, அதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் மனிதன் என்று தெரியும் என்று விளக்குகிறவனும் நான்தான். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்க அது தேவைப்படும்.

2

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் மகள் கிளாராவின் பள்ளியிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்தி.

இங்கே பள்ளிகளில் வருடத்துக்குச் சில நாட்கள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே ஓட்டிக்கொண்டு போவார்கள். மலையேறு, தீ மூட்டு, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடி, மரத்துக்கு நடுவே கயிற்றில் தொங்கு. பிள்ளைகளின் வாழ்வை வளப்படுத்தும் நாள் என்று அதற்குப் பெயர். இந்த முறை மூன்று நாள். மலைக்காட்டில் கூடாரம். அதில் ஒரு நிகழ்ச்சி: ஒவ்வொரு மாணவரும் காட்டுக்குள் தனியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். போன் கிடையாது, பேச்சு கிடையாது, துணை கிடையாது. பெற்றோர் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். விருப்பமுள்ள பெற்றோர் தொண்டர்களாகவும் வரலாம்.

நான் பொத்தானை அமுக்கவில்லை. பள்ளி அனுப்பிய ஆபத்து மதிப்பீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஓநாய் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றேன்.

"இந்த நாட்டுல ஓநாயே கிடையாதுங்க" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். உண்மையான ஆபத்தைத் தினமும் பார்ப்பதால் கற்பனை ஆபத்துக்கு அவளிடம் நேரமில்லை. "நீங்க அமுக்கப்போறீங்களா, நான் அமுக்கட்டுமா?"

"படிச்சிகினு கீறேன் இல்ல?"

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்குப் பயம் வந்தால் இங்கிலீஷ் போய்விடும், பிறகு நல்ல தமிழும் போய்விடும், கடைசியில் ராயபுரம் மட்டும் மிஞ்சும். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அது தெரியும்.

மணி நாலுதான். வெளியே இருட்டிவிட்டது. கடலிலிருந்து மூடுபனி தெருவுக்குள் ஏறி வந்து, எதிர்வீட்டின் கதவை முதலில் தின்றது, பிறகு ஜன்னலை. கிளாரா மாடியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதில் பிள்ளைகளுக்குக் கதவு என்பது உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி.

பனியைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் வலது தோள்பட்டை சில்லிடும். ஏன் என்று வருகிறேன்.

3

எங்கள் காலத்தில் வெளிப்புறக் கற்றல் என்றால், வாத்தியார் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைப்பது. நானும் காதரும் ராயபுரம் பள்ளியில் அந்தக் கல்வியைத் தொடர்ந்து பல வருடம் பெற்றோம். வராந்தாவிலிருந்து பார்த்தால் துறைமுகத்துப் பளு தூக்கிகள் தெரியும். அவை குனிவதையும் நிமிர்வதையும் பார்த்தே எனக்குத் துறைமுக வேலையில் ஆசை வந்தது. காதருக்கோ வாத்தியாராகி அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற வெறி வந்தது. இரண்டு பேருமே முட்டி தேய்ந்து முன்னுக்கு வந்தவர்கள்.

காதர் இப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தண்டையார்பேட்டையில் வீடு. அந்த ஜனவரிக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ராயபுரத்தில் என் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, வீடு தேடி வந்து பிரியாணிப் பாத்திரத்தை வைத்த கையோடு சொன்னான்.

"மாமு, வெள்ளிக்கெயம எங்க பசங்களுக்குப் பையில்லா நாள். எண்ணூருக்கு இட்டுகினு போறேன். உன் பொண்ணையும் அனுப்பு."

பையில்லா நாள் என்றால் பிள்ளைகள் புத்தகப்பை இல்லாமல் வர வேண்டும்; பாடம் வெளியில் நடக்கும். இங்கிலாந்துக்காரன் பெரிய பெயர் வைத்துச் செய்வதைக் காதர் ஒரு வாடகை வேனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் வைத்துச் செய்துகொண்டிருந்தான்.

"எண்ணூர்ல இன்னாத்தக் கத்துக்குவாங்க? லாரி எண்ணவா?" என்றேன்.

"நீ வா. உனுக்கும் சேத்துக் கத்துத் தரேன். பெரிய ஆளுங்க ஒருத்தர் கூட வேணும். நீதான் பாதுகாப்புல பெரிய கை ஆச்சே."

கிளாராவுக்கு அப்போது பதினாலு. அக்கா வீட்டில் கொசுவலைக்குள் உட்கார்ந்து போனைப் பார்ப்பதைத் தவிர ஊரில் அவளுக்கு வேறு வேலை இல்லை. தமிழ் புரியும், பேச மாட்டாள். சின்ன வயதில் 'அப்பா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போய் இரண்டாம் வருடம் 'டாட்' ஆனேன். பதவி உயர்வா, இறக்கமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. போகிறாயா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மார்கழிப் பனி கொட்டிக் கிடந்தது. விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் யானை மாதிரி வரிசையில் நின்றன. வேனில் கிளாராவை நாகலட்சுமி என்ற பெண் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். எல்லோருக்கும் அவள் நாகு. எண்ணூர்க் குப்பத்துப் பெண். வாய் வேன் இன்ஜினை மிஞ்சும். கிளாரா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

சும்மா இருந்திருக்கலாம் நான். முப்பது பிள்ளைகளைக் கண்டதும் எனக்குள் இருந்த கோமாளி எழுந்து நின்றுவிட்டான்.

"பசங்களா, முகத்துவாரத்துக்குப் போறோம். ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சிக்கங்க. தண்ணிப் பக்கத்துலேந்து உங்க பேரைச் சொல்லி, உங்க வூட்டு ஆளு கொரல்லயே கூப்புடும். ஒரு தபா கூப்ட்டா வாயைத் தொறக்காதே. ரெண்டாவது தபாவும் தொறக்காதே. மனுசனா இருந்தா மூணாவது தபா கூப்புடுவான். அதுக்கு ரெண்டு தபாவுக்கு மேல கொரலு கிடையாது. அப்பால, முதுகுப் பக்கம் யாராச்சும் தொட்டா திரும்பாதே. கை ஈரமா கீதான்னு மட்டும் பாரு."

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள் சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னது இது. ஈரக் கை மட்டும் என் சொந்தச் சரக்கு.

"அங்கிள், எங்க தாத்தா டெய்லி அங்கதான் தூங்குது" என்றாள் நாகு. "கூப்ட்டா, பீடி கீதான்னு கேக்கும் எங்க தாத்தா."

வேன் முழுக்கச் சிரிப்பு. காதர் முன்சீட்டிலிருந்து திரும்பினான். "டேய் சேவி, இன்னைக்குப் பசங்களை சைலண்டா உக்கார வெக்கணும்டா. நீ பேயைக் கிளப்பிகினு வராதே."

4

முகத்துவாரத்தில் ஆறு எங்கே, கரை எங்கே என்று தெரியாத பனி. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் இடுப்புக்கு மேல் இல்லை; யாரோ துணியால் துடைத்துவிட்ட மாதிரி. தண்ணீர் சாம்பல், வானம் சாம்பல், நடுவில் கோடு கிடையாது.

நான் வேன் டயர்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது காதர் எல்லோருடைய போனையும் வாளியில் வாங்கிப்போட்டு மூடினான். தன் போனையும் போட்டான். பாதுகாப்பு அதிகாரி என்ற சலுகையில் என்னுடையதை மட்டும் விட்டுவைத்தான். பிறகு எல்லோருக்கும் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில்.

"இதுக்குப் பேரு ஒலிப்படம். தாளு நடுவுல ஒரு பெருக்கல் குறி போடு. அது நீ. கண்ணை மூடு. எந்தப் பக்கத்துலேந்து சத்தம் வருதோ, தாள்ல அந்தப் பக்கம் குறி போடு. கிட்ட கேட்டா கிட்ட, தூரம்னா தூரம். பேசக் கூடாது, அசையக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

பிள்ளைகளைக் கரையோரமாக, ஒருவரை ஒருவர் தொட முடியாத தூரத்தில், தண்ணீரைப் பார்த்து உட்கார வைத்தான். அவன் ஒரு கோடியில் நின்றான். மறுகோடியில் நான். எனக்கு முந்தைய இடத்தில் கிளாரா. பனியில் அவள் ஒரு நீலச் சட்டையின் நிழலாகத் தெரிந்தாள். நானும் தாளில் பெருக்கல் குறி போட்டேன். கண்ணை மூடினேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் தூரத்தில் லாரி ஹாரன். பின்னால் நிலக்கரி போகிற கன்வேயரின் முனகல். எங்கோ ஒரு சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக. கிட்டத்தில் பிள்ளைகள்: ஓர் இருமல், ஒரு மூக்குறிஞ்சல், யாரோ அடக்கிய சிரிப்பு, பென்சில் கீறல். இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் மௌனமாக இருக்க முடியும் என்பதே வேடிக்கையாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தங்கள் நிற்கத் தொடங்கின.

எல்லாம் ஒன்றாக நிற்கவில்லை. அதுதான் விஷயம். வரிசையின் அந்தக் கோடியில் இருமிக்கொண்டிருந்த பையன் முதலில் நின்றான். பிறகு அவனுக்கு இந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிய பெண். பிறகு சிரிப்பு. விளக்குகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டே யாரோ என் பக்கம் நடந்து வருவது போலிருந்தது. சரசரவென்று மணலில் ஏதோ நகர்ந்தது. காலடி மாதிரியும் இருந்தது, அலை மாதிரியும் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் காதர் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான், நான் விதிகளை மதிக்கிறவன். சரி, பொய் சொல்லவில்லை: திறக்கப் பயமாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில், கிளாரா இருந்த இடத்தில், பென்சில் கீறல் நின்றது.

என் வலது தோளில் ஒரு கை விழுந்தது. சின்னக் கை. சில்லென்று, சட்டையைத் தாண்டி ஈரம் உள்ளே இறங்கியது.

நான் திரும்பவில்லை. நாற்பத்தொன்பது வயது, இரண்டு நாட்டுச் சான்றிதழ்கள், வேனில் நானே சேர்த்த ஈரக் கை. மூச்சைக்கூட விடவில்லை. கை கொஞ்ச நேரம் இருந்தது. ஒருமுறை லேசாக அழுத்தியது. பிறகு போய்விட்டது.

அப்புறம் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, பனிக்குள்ளிருந்து, ஒரு குரல்.

"அப்பா."

கிளாராவின் குரல். ஆனால் கிளாராவின் வார்த்தை இல்லை. எட்டு வருடமாக அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததே கிடையாது. 'டாட்' என்று கேட்டிருந்தால் பாய்ந்து எழுந்திருப்பேன். இது கிளாராவின் குரலை எடுத்துப் போட்டுக்கொண்ட ஏதோ ஒன்று. விவரம் தெரியாமல் பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டது என்றே என் உடம்பு முடிவு செய்தது.

"அப்பா." இரண்டாவது முறை. இன்னும் கொஞ்சம் தள்ளி.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதுக்காக நெடுநேரம் காத்திருந்தேன்.

வரவில்லை.

5

கண்ணைத் திறந்தபோது கரையில் யாரும் இல்லை. செருப்புகள் இருந்தன. ரப்பர் செருப்பு, பூப் போட்ட செருப்பு, வார் அறுந்து ஊக்கு மாட்டிய செருப்பு. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கே ஜோடி ஜோடியாக, மூக்கைத் தண்ணீரைப் பார்த்து வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ஜோடிக்கு அடியிலும் ஒரு வெள்ளைத் தாள் படபடத்தது. என் பக்கத்தில் கிளாராவின் வெள்ளை ஷூ. உள்ளே சாக்ஸ் மடித்துச் செருகியிருந்தது. மணல் ஒட்டும் என்று ஹல் கடற்கரையில்கூட ஷூவைக் கழற்றாத பெண்.

"காதர்!" என்று கத்தினேன். பனி அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை.

போனை எடுத்துக் காதருக்கு அடித்தேன். எங்கோ பின்னால் ஒரு கைக்குழந்தை சிரித்தது. தனியாக, மூடிய இடத்துக்குள்ளிருந்து, கெக்கெக்கெக் என்று. நான் போனை அணைத்தேன். சிரிப்பு நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி சிரித்தது. காதர் தன் பேத்தியின் சிரிப்பை ரிங்டோனாக வைத்திருக்கிறான் என்பதும், போன் வாளிக்குள் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். அந்த நேரத்தில் எனக்கு என் பெயரே தெரியவில்லை.

அப்போதுதான் நெருப்பைப் பார்த்தேன். ஆற்றுக்கு மேல், அந்தரத்தில், ஆரஞ்சுப் பிழம்புகள். ஒன்றன்பின் ஒன்றாக, காலே இல்லாமல், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. கொள்ளிவாய்ப் பிசாசு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், முப்பது உருப்படி வரிசையில் போகும் என்று யாரும் சொன்னதில்லை. ஆரஞ்சுச் சட்டையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் மனிதன் என்று தெரியும் என்று வாரா வாரம் வகுப்பெடுக்கிறவன், மண்டியிட்டுச் சிலுவைக் குறி போட்டேன்.

போட்டுவிட்டு எழுந்து தண்ணீரில் இறங்கினேன். இதைக் கிண்டலில்லாமல் சொல்கிறேன். வெள்ளை ஷூ இங்கே இருக்கிறது, என் பெண் அங்கே இருக்கிறாள், நடுவில் தண்ணீர். பேயாக இருந்தாலும் அதனிடம் போய்க் கேட்டுத்தானே ஆக வேண்டும். மலையேறத் தள்ளுபடியில் வாங்கிய ஹல் பூட்ஸைக் கழற்றப் பார்த்தேன். கயிறு முடிச்சு அவிழவில்லை. அப்படியே இறங்கினேன். முழங்கால் வரை சேறு. வலது பூட்ஸை ஆறு பிடித்துக்கொண்டது. "கிளாரா! கிளாரா!" என்று கத்தினேன். எத்தனை முறை கத்தினேன் என்று தெரியாது. மூன்றுக்கு மேல் நிச்சயமாக.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. வெறும் தலை. தண்ணீர் மட்டத்தில் வழுக்கிக்கொண்டு, வாயில் ஒரு கூடையைக் கவ்விக்கொண்டு, என்னைப் பார்த்து வந்தது.

நான் கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தலை என் முன்னால் நின்றது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாயிலிருந்த கூடையை எடுத்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்.

"இன்னா நைனா, ஏன் இந்தக் கத்து கத்துறே? எறா அல்லாம் ஓடிப்பூடும்."

"பசங்க... இஸ்கூல் பசங்க..."

"அதுங்களா? அக்கரைல நண்டு வளை எண்ணிகினு கீதுங்க. பாஸ்கரு போட்டுல இட்டுகினு போனாப்ல. அதோ, கலர் சட்டை தெரில?"

பார்த்தேன். பிசாசுகள் படகில் கொடுத்த ஆரஞ்சு மிதவைச் சட்டைகளாக மாறின. அக்கரைச் சதுப்பில், இடுப்புக்குக் கீழே பனியில் மறைந்து, பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"செருப்பு... செருப்பை ஏன் இங்க..."

"போட்டுல எவன்யா செருப்போட ஏறுவான்? நீ எந்த ஊரு?"

"ராயபுரம்."

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து சேற்றில் புதைந்த முழங்கால் வரை பார்த்தார். "வெளியில சொல்லிகினு திரியாதே" என்று சொல்லி, கூடையைக் கவ்விக்கொண்டு பனிக்குள் போய்விட்டார்.

6

பனி விலகியதும் பிள்ளைகளை ஏற்றிப்போன இரண்டு படகுகளும் திரும்பி வந்தன. தண்ணீர் வற்றியிருந்ததால் மோட்டார் போடாமல் படகுக்காரர் பாஸ்கரும் அவர் கூட்டாளியும் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள், அதனால்தான் சத்தமில்லை. அக்கரையிலிருந்து வந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்க வேண்டும், இரண்டு படங்களையும் ஒப்பிட வேண்டும் என்பது காதரின் பாடம். அதற்காகத்தான் இடத்துக்கு அடையாளமாகச் செருப்பும், செருப்புக்கு அடியில் தாளும்.

காதர் என் பேண்ட்டைப் பார்த்தான். "இன்னா மாமு, வாட்டர் டெஸ்ட்டு நீயே எறங்கிப் பண்ணிட்டியா?"

"எத்தினி ஆழம்னு பாத்தேன். பாதுகாப்பு" என்றேன்.

"ஒத்த பூட்ஸு?"

"அதுவும் பாதுகாப்புதான்."

"நீ வரலேன்னு உன் பொண்ணு சொல்லிச்சு. சரி, வாளிக்குக் காவலா இருக்கட்டும்னு வுட்டுட்டோம்."

நான் வரவில்லை என்று கிளாரா அவளாகவே முடிவு செய்திருப்பாள், எதைத்தான் என்னிடம் கேட்டுச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தோளில் விழுந்த கையைப் பற்றியும் குரலைப் பற்றியும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. செருப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது, சிரிப்புக்கும் நெருப்புக்கும் தலைக்கும் கிடைத்துவிட்டது. அந்த இரண்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. கேட்டால் திருவொற்றியூர் முழுக்கப் பரவி, ராயபுரத்தில் மாதா கோயில் வாசல் வரை வந்து சேரும்.

பிள்ளைகள் ஒலிப்படங்களை வைத்து ஒப்பிட்டார்கள். நாகு என்னுடையதைப் பிடுங்கிப் பார்த்தாள். நடுவில் பெருக்கல் குறி. மற்றபடி வெள்ளை.

"அங்கிள், இதுல ஒன்னுமே இல்ல. நீங்க மட்டும் தனியா கீறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கிளாரா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். காதில் இயர்போன் இல்லை. களைப்பு என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டில், "டாட், சார்ஜர் எங்கே?" என்று கேட்டாள். எனக்கு அதில் ஒரு நிம்மதி வந்தது. இதுதான் என் கிளாரா. ஆற்றில் கூப்பிட்டது வேறு யாரோ.

ஒரு வருடமாக அந்த வேறு யாரோவுடன் குடித்தனம் நடத்தினேன். பனி இறங்கினால் தோள் சில்லிடும். துறைமுகத்தில் யாராவது பின்னாலிருந்து தொட்டால் திரும்ப மாட்டேன். கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டேன். என் மேலாளர் எனக்குக் காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். காது நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்துவிட்டார்கள்.

7

சம்மதப் பொத்தானுக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கிளாரா மாடியிலிருந்து இறங்கி வந்து எனக்கு எதிரே நின்றாள். நாளைக்குள் அமுக்க வேண்டுமாம்.

"நான் தொண்டனாக உன்னோடு வரலாமா என்று பார்க்கிறேன்" என்றேன், அவள் மொழியில்.

"நீங்கள் வர வேண்டாம். வரவும் மாட்டீர்கள். அன்றைக்கும் வரவில்லையே."

"என்றைக்கு?"

"எண்ணூரில். உங்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. நீங்கள் அசையவே இல்லை."

நான் போனைக் கீழே வைத்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பேச்சில்லாமல் தோளைத் தொட்டுத் தொட்டு எழுப்ப வேண்டும், தொடப்பட்டவர் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு அடுத்தவரைத் தொட வேண்டும், அப்படியே சத்தமில்லாமல் படகுக்கு நடக்க வேண்டும் என்று காதர் அங்கிள் போனை வாங்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாராம். அப்போது நான் வேனின் டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். ஷூவைக் கழற்றும்போது கையெல்லாம் சேறாகி, தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து என்னைத் தொட்டாளாம்.

"சரி, கூப்பிட்டது?" என்றேன். "டாட் என்று கூப்பிட்டிருக்கலாமே."

"நாகுதான் சொன்னாள்." அவள் அதைத் தமிழில், நாகுவின் தமிழில் சொன்னாள்: "'டாட்னு கூப்ட்டா கரை வரைக்கும் போவாது. அப்பான்னு கூப்புடு.' கூப்பிட்டேன். போகவில்லை."

"மூன்றாவது முறை?"

"எதற்கு மூன்றாவது முறை?"

வேனில் அவள் காதில் இயர்போன் இருந்தது. என் கதையை அவள் கேட்கவே இல்லை.

"அதுவுமில்லாமல் அங்கிள் உஷ் என்று வாயில் விரலை வைத்தார்" என்றாள்.

நான் பொத்தானை அமுக்கினேன். அவள் சரி என்று தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போனாள்.

நடந்தது இதுதான். எண்ணூர் முகத்துவாரத்தில் என் மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டாள். நான் எழவில்லை. படகில் ஏறி நின்று, எட்டு வருடம் கழித்து, அப்பா என்று இரண்டு முறை கூப்பிட்டாள். எனக்கு நன்றாகவே கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. படகு போய்விட்டது.